கூப்பர் ஃப்ளாக்கை டியூக்கின் பழைய நாயகர்களில் யாருடன் சேர்த்துக் காட்டலாம்?

கேள்வி: அஸ்தம்பட்டி பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் மே மாதம் பள்ளி மாணவர்களுக்காக நாங்கள் நடத்தும் கூடைப்பந்து முகாமில், பகல் பயிற்சி முடிந்ததும் மாலை வேளையில் ஏதேனும் ஓர் அணியின் ஆட்டங்களைத் திரையில் போட்டு, நிறுத்தி நிறுத்தி விளக்குவது வழக்கம். இம்முறை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழக அணியை எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். கூப்பர் ஃப்ளாக்கை எங்கள் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தவே தேவையில்லை. அவர் டங்க் அடிக்கும் (எம்பிப் பந்தை வளையத்துக்குள் அறையும்) காட்சிகள் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கின்றன. ஆனால் அவருக்கு முன் அதே சட்டையை அணிந்து ஆடியவர்களில் ஒருவரைக்கூட அவர்கள் முழு ஆட்டத்தில் பார்த்ததில்லை. ஆகவே ஃப்ளாக்கின் ஓர் ஆட்டத்தையும் பழைய நாயகர் ஒருவரின் ஆட்டத்தையும் அடுத்தடுத்துக் காட்ட விரும்புகிறேன். அந்தப் பழையவர் யாராக இருக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

புதியவர்களுக்காகச் சில விவரங்கள். ஃப்ளாக் 2006 டிசம்பர் 21 அன்று பிறந்தவர். பள்ளிப் படிப்பை ஓராண்டு முன்னதாகவே முடித்துக்கொண்டு 2024-25 பருவத்தில் டியூக்கில் சேர்ந்ததால், தொடக்க வாரங்களைப் பதினேழு வயதிலேயே ஆடினார். ஆட்டத்துக்குச் சராசரியாக 19.2 புள்ளிகள், 7.5 ரீபவுண்டுகள் (தவறிய வீச்சைக் கைப்பற்றுவது), 4.2 அசிஸ்ட்டுகள் (சக வீரர் புள்ளியெடுக்க உதவும் பாஸ்) எடுத்தார். ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (வீச்சைத் தடுப்பது) ஆகிய இரண்டையும் சேர்த்து ஐந்து கணக்குகளிலும் அணியில் அவரே முதலிடம். 2025 ஜனவரியில் நாட்டர்டேம் அணிக்கு எதிராக அவர் எடுத்த 42 புள்ளிகள், டியூக் ஆடும் மண்டலத் தொடரில் முதலாண்டு மாணவர் ஒருவர் எடுத்தவற்றிலேயே மிக அதிகம். அணி 35 ஆட்டங்களில் வென்று 4 ஆட்டங்களில் தோற்றது. அந்த நான்காவது தோல்வி தேசிய அரையிறுதியில் ஹியூஸ்டனிடம் 70-67 என்ற கணக்கில் வந்தது. அதன்பின் 2025 ஜூனில், என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரின் வீரர் தேர்வில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை முதல் தேர்வாக எடுத்துக்கொண்டது.

என் மனம் கிராண்ட் ஹில்லின் பக்கம் சாய்கிறது. நம் மாவட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலேயே ஒரு பையன் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டால், அவனை வளையத்தடியில் நிறுத்தி, "பந்து கைக்கு வந்ததும் மேலே போடு, தரையில் தட்டாதே" என்று பழக்கிவிடுகிறோம். பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்போது அவனுடைய உயரத்தை மற்றவர்களும் எட்டிவிடுகிறார்கள். அப்போது அவனுக்குப் பந்தைக் கொண்டுசெல்லவும் தெரியாது, பாஸ் கொடுக்கவும் தெரியாது. ஹில் ஆறடி எட்டங்குலம், ஃப்ளாக் ஆறடி ஒன்பதங்குலம். ஆயினும் இருவரும் பந்தைத் தாங்களே தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தியவர்கள். அதுவரை ஆட்டத்தை நடத்திய பாபி ஹர்லி படிப்பை முடித்துச் சென்ற பிறகு, 1993-94 பருவத்தில் ஹில் 17.4 புள்ளி, 6.9 ரீபவுண்டு, 5.2 அசிஸ்ட் என்ற சராசரியோடு அணியை இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றார். இதைவிட நெருக்கமான ஒப்பீடு வேறு உண்டா? ஒரே ஓராண்டு ஆடியவரை நான்காண்டு ஆடியவர்களோடு ஒப்பிடுவது தகுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை மூத்த ரசிகர்

தகாது என்பதே என் கருத்து. தம்பி வருத்தப்பட வேண்டாம். ஃப்ளாக்கின் திறமையைப் பற்றி எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் ஓர் அணியின் அன்புக்குரியவர் என்ற இடம் திறமைக்கு மட்டும் கிடைப்பதன்று. அது தோல்விக்குப் பின் திரும்பி வந்து நின்றவருக்குக் கிடைப்பது.

கிறிஸ்டியன் லேட்னரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் அவருடைய சராசரி 10 புள்ளிகளைக்கூட எட்டவில்லை. 1990 இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி நெவாடா-லாஸ் வேகாஸ் பல்கலைக்கழக அணியிடம் 103-73 என்று 30 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த ஆண்டு அரையிறுதியில் அதே அணி, ஒரு தோல்வியும் காணாமல் எதிரே வந்து நின்றது. ஆட்டம் சமநிலையில் இருக்க, 12.7 விநாடிகள் மீதமிருக்கையில் லேட்னர் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையற்ற வீச்சுகள்) உள்ளே போட்டார். டியூக் 79-77 என்று வென்று, பிறகு தேசியக் கோப்பையையும் முதன்முறையாகக் கைப்பற்றியது. முந்தைய ஆண்டின் அவமானத்தைச் சுமந்துகொண்டு அந்தக் கோட்டில் நிற்பது எப்படிப்பட்டது என்பது, ஒரே பருவத்தோடு விடைபெறும் ஆட்டக்காரருக்கு நேர வாய்ப்பே இல்லாத அனுபவம்.

1992-இல் கென்டக்கிக்கு எதிரான ஆட்டத்தை எல்லோரும் லேட்னர் வெற்றி தேடித்தந்த அந்தக் கடைசி வீச்சுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பளிப்பது, அன்று அவர் எடுத்த பத்து ஃபீல்டு கோல் முயற்சிகளும் (ஆட்டத்தின் ஓட்டத்தில் போடும் வீச்சுகள்), பத்து ஃப்ரீ த்ரோக்களும் ஒன்றுகூடத் தவறாமல் உள்ளே விழுந்தன என்பதுதான். அதே ஆட்டத்தில், கீழே விழுந்து கிடந்த எதிரணி வீரரின் மார்பில் காலை வைத்து டெக்னிக்கல் ஃபவுலும் (நடத்தைக்கான தண்டனை) வாங்கினார். அது கண்டிக்கத்தக்க செயல், மாணவர்களிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான்காண்டுகளில் நான்கு தேசிய அரையிறுதிகள், இரண்டு கோப்பைகள், தேசியத் தொடரில் மொத்தம் 407 புள்ளிகள். அந்த 407 இன்றுவரை எவராலும் முறியடிக்கப்படவில்லை. டியூக்கின் அரங்கக் கூரையில் அவருடைய 32-ஆம் எண் சட்டை தொங்குவதற்குக் காரணம் இதுதான்.

பதில்: ஏற்காடு அடிவாரம்

ஐயா, நீங்கள் சொன்ன லேட்னரின் வரலாறு அத்தனையும் உண்மை. நானும் கல்லூரி அணிக்காக ஆடுகிறவள் என்ற முறையில் ஒரு மறுப்பை மட்டும் பணிவோடு முன்வைக்கிறேன். லேட்னர் காலத்தில் நான்காண்டு தங்குவது இயல்பாக இருந்தது. இன்று முதல் தேர்வாகப் போகக்கூடிய ஒருவர் இரண்டாம் ஆண்டு தங்கினால், ஒரு முழங்கால் காயம் அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிடும். 2005-இல் என்.பி.ஏ. கொண்டுவந்த வயது விதியின்படி, பள்ளியை முடித்து ஓராண்டு ஆகாதவரை அந்தத் தொடரில் சேர முடியாது. அந்த ஓராண்டைக் கழிக்கவே ஃப்ளாக் போன்றவர்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். விதி வகுத்த காலத்தைக் காரணம் காட்டி ஆட்டக்காரரின் பற்றைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகப்படவில்லை.

நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் முதலாண்டை முதலாண்டோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். ஹில் 1990-91-இல் முதலாண்டு மாணவராக எடுத்த சராசரி 11.2 புள்ளிகள், அவருக்கு முன்னால் லேட்னரும் ஹர்லியும் இருந்ததால் சுமை பகிரப்பட்டிருந்தது. 2019-இல் ஆடிய சயான் வில்லியம்சனே ஃப்ளாக்குக்குச் சரியான இணை. அவருக்கும் ஓராண்டுதான், அவரும் முதலாண்டிலேயே தேசத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார், அவரும் தேசியக் கோப்பையில்லாமல் போனார். சராசரி 22.6 புள்ளிகள், 8.9 ரீபவுண்டுகள், எடுத்த முயற்சிகளில் 68 விழுக்காடு உள்ளே போனது என்பது வளையத்தடியில் அவரை யாராலும் தடுக்க முடியவில்லை என்பதற்குச் சான்று. அந்த ஆண்டு பிப்ரவரியில் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே அவருடைய காலணி கிழிந்து முழங்கால் சுளுக்கிக்கொண்டது. அப்போது, "இனி ஆடாமல் என்.பி.ஏ. தேர்வுக்காகக் காத்திரு" என்று எத்தனையோ பேர் வெளிப்படையாக அறிவுரை கூறினார்கள். அவரோ மண்டலத் தொடருக்குத் திரும்பி வந்து, சைரகியூஸுக்கு எதிராக 13 முயற்சிகளில் 13-ஐயும் உள்ளே போட்டார். திரும்பி வந்து நிற்பது பற்றி ஐயா சொன்னது இவருக்கும் பொருந்தும்.

ஃப்ளாக்கும் அப்படித்தான். மண்டலத் தொடரின் காலிறுதியில் கணுக்கால் சுளுக்கி, அரையிறுதியிலும் இறுதியிலும் ஆட முடியாமல் அமர்ந்திருந்தார். அவரில்லாமலேயே அணி அந்தக் கோப்பையை வென்றது. அடுத்த வாரம் தேசியத் தொடர் தொடங்கியதும் களத்துக்கு வந்துவிட்டார். பிறகு அரிசோனாவுக்கு எதிராக 30 புள்ளிகளும் 7 அசிஸ்ட்டுகளும் எடுத்தார்.

அஸ்தம்பட்டி பயிற்றுநர்

இருவருக்கும் நன்றி. சயானைக் காட்டுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அவருடைய உடல்வாகு எங்கள் மாணவர்களில் எவருக்கும் வாய்க்காது. அவரைப் பார்த்து வியக்கலாமே தவிர, மறுநாள் காலை ஆடுகளத்தில் செய்து பார்க்க ஒன்றும் இருக்காது. அவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் டங்க் துணுக்குகளே போதும். இலை போட்டுப் பாயசத்தை மட்டும் ஊற்றியது போல, சோறும் குழம்பும் இல்லாமல் கூடைப்பந்தைச் சாப்பிட்டு வளர்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். தடுப்பாட்டம் பற்றி யாரேனும் சொல்வீர்களா?

பதில்: சூரமங்கலம் இரண்டாம் பாதி

நான் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மூவரும் புள்ளிகளையும் கோப்பைகளையும் பேசினீர்கள்; ஷேன் பேட்டியேயின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. நான்காண்டுகளில் அவருடைய அணி 131 ஆட்டங்களில் வென்றது. நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2001 அரையிறுதியில் மேரிலாந்து அணி 22 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்த நிலையிலிருந்து டியூக் மீண்டு வந்து 95-84 என்று வென்றதே, அந்த மீட்சியில் அவருடைய பங்கைப் பார்க்க வேண்டும்.

ஃப்ளாக்கின் ஆட்டத்தில் என்னைக் கவர்ந்தது அவர் பந்தோடு செய்தவை அல்ல. தான் காக்கும் ஆளை விட்டு எப்போது நகர வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்த விதம்தான். எதிரணியின் கார்ட் (பந்தைக் கொண்டுவரும் ஆட்டக்காரர்) வளையத்தை நோக்கி ஊடுருவும்போது பெரும்பாலான இளைஞர்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார்கள். சிலர் தங்கள் ஆளையே பார்த்துக்கொண்டு மரம்போல் நிற்பார்கள். சிலர் அவசரப்பட்டு முன்னதாகவே ஓடிவந்து, தங்கள் ஆளுக்கு எளிதான பாஸைத் திறந்துவிடுவார்கள். ஃப்ளாக் மூலையில் நிற்கும் தன் ஆளுக்கும் வளையத்துக்கும் நடுவே, அரை உடலைத் திருப்பி, இருவரையும் பார்க்கும்படி நிற்பார். ஊடுருவியவர் இரண்டு கால்களையும் தரையிலிருந்து எடுத்த பிறகே, அதாவது அவரால் பாஸுக்கு மனத்தை மாற்றிக்கொள்வது கடினமான அந்தக் கணத்தில்தான், இவர் எழும்புவார். அப்படி எழும்பும்போதும் பந்தைக் கூட்டத்துக்குள் அறைந்து தள்ளாமல், தன் அணிக்குக் கிடைக்கும்படி தட்டிவிடப் பார்ப்பார். ஃப்ளாக் அளவுக்குக் குதிக்க முடியாத பேட்டியே, இதே இடத்துக்கு இன்னும் ஓர் அடி முன்னதாக வந்து, காலை ஊன்றி, மார்பில் மோதலை வாங்கி எதிரணிக்கு ஃபவுல் விழச் செய்வார். ஒருவர் உயரத்தாலும் மற்றவர் கால்வைப்பாலும் ஒரே வேலையைச் செய்தார்கள். உங்கள் முகாமில் குட்டையான பையன்களும் இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கு இந்த ஒப்பீடே பயன்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ளாக்கின் வெற்றி ஆட்டத்தைத் தேடாதீர்கள். ஹியூஸ்டனிடம் தோற்ற ஆட்டத்தையே காட்டுங்கள். நமக்கு அது 2025 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை காலை. 27 புள்ளிகள் எடுத்து அன்றும் அவரே சிறந்து விளங்கினார். இரண்டாம் பாதியில் 14 புள்ளிகள் வரை முன்னிலை இருந்தது; கடைசி நிமிடத்தில்கூட 67-61. அதற்குப் பிறகு நடந்ததை விநாடி விநாடியாகப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஹியூஸ்டனின் ஷார்ப் மூன்று புள்ளி போடுகிறார். டியூக் பந்தை உள்ளே கொடுக்கும்போதே பறிகொடுக்கிறது. தவறிய வீச்சை ஹியூஸ்டனின் டக்ளர் எடுத்து டங்க் அடிக்கிறார். டியூக்கின் ப்ராக்டர் ஃப்ரீ த்ரோவைத் தவறவிடுகிறார். அந்த ரீபவுண்டுக்காக எதிராளியின் முதுகின்மேல் எம்பிய ஃப்ளாக்குக்கு எதிராக ஃபவுல் ஊதப்படுகிறது. ராபர்ட்ஸ் இரண்டையும் போட்டு ஹியூஸ்டனை 68-67 என்று முன்னே கொண்டுவருகிறார். அடுத்து பந்து ஃப்ளாக்கிடம் வருகிறது. அதே ராபர்ட்ஸ் அவரைக் காக்கிறார். ஃப்ளாக் வளையத்துக்கு அருகே வந்து, திரும்பி, எழும்பிப் போடுகிறார். பந்து முன்வளையத்தில் பட்டுத் திரும்பிவிடுகிறது.

அந்த வீச்சு தவறான தேர்வு என்று நான் நினைக்கவில்லை. அவர் பருவம் முழுவதும் போட்ட வீச்சுதான் அது. ஆனால் ராபர்ட்ஸைப் பாருங்கள்: குதித்து ஏமாறாமல், கைகளை நேராக உயர்த்தி, ஃபவுலும் கொடுக்காமல் நின்றார். தடுப்பாட்டம் கற்பிக்க அந்த நான்கு விநாடிகள் போதும்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை மூத்த ரசிகர்

சூரமங்கலத்து நண்பரின் விளக்கம் அருமை. நான் என் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன வழியிலேயே ஒன்றைச் சேர்க்கிறேன். 1992 ஆட்டத்தில் 2.1 விநாடிகள் மீதமிருக்கையில், கென்டக்கியின் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ, பந்தை உள்ளே எறிபவருக்கு முன்னால் ஒரு தடுப்பாளரையும் நிறுத்தவில்லை. எறிந்தவர் வேறு யாருமில்லை, பயிற்றுநர் தம்பி விரும்பும் கிராண்ட் ஹில்தான். எதிரே கை உயர்த்த ஆளில்லாததால், ஆடுகளத்தின் ஏறத்தாழ முழு நீளத்துக்கும் நிதானமாகக் குறிபார்த்து எறிந்தார். லேட்னர் ஃப்ரீ த்ரோ கோட்டருகே வளையத்துக்கு முதுகு காட்டியபடி எம்பிப் பிடித்து, வலப்பக்கம் ஒரு பாசாங்கு காட்டி, ஒரே ஒருமுறை தரையில் தட்டி, மறுபக்கம் திரும்பி எழும்பினார். 104-103. இரண்டு விநாடிக்குள் ஒருமுறை தட்டவும் நேரமிருக்கிறது என்ற நிதானத்தை மாணவர்கள் பார்க்கட்டும். ஹில்லையும் லேட்னரையும் ஒரே ஆட்டத்தில் காட்டிவிடலாம் என்பதால் உங்கள் கேள்விக்கும் அது விடையாகும்.

பதில்: ஏற்காடு அடிவாரம்

ஐயா சொன்ன ஆட்டத்தை நானும் ஆதரிக்கிறேன். ஒரு சிறு எச்சரிக்கை: அந்நாளில் கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கிளாக் (வீச்சு எடுப்பதற்கான நேர வரம்பு) 45 விநாடி, இப்போது 30 விநாடி. மூன்று புள்ளிக் கோடும் இன்றைக்கு இருப்பதைவிட வளையத்துக்கு நெருக்கமாக இருந்தது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால், பழையவர்கள் மெதுவாக ஆடியதாகப் பிள்ளைகள் தவறாக எண்ணிவிடுவார்கள். பின்னாளில் உயரமானவர்களுக்கும் வெளியிலிருந்து போடத் தெரிய வேண்டிய கட்டாயம் வந்தது. ஃப்ளாக் அதற்குள் பிறந்து வளர்ந்தவர், ஹில் அதற்கு முன்னரே பந்தைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தவர்.

மேலும், இந்த அணியின் அன்புக்குரியவர்கள் எல்லோரும் தேசியக் கோப்பை வென்றவர்கள் அல்லர். 2,769 புள்ளிகள் எடுத்த ஜே.ஜே. ரெடிக் ஒரு தேசியக் கோப்பைகூட வெல்லவில்லை. அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் 18 முயற்சிகளில் 3 மட்டுமே உள்ளே போயின. அவருடைய 4-ஆம் எண்ணும் அதே கூரையில்தான் இருக்கிறது.

அஸ்தம்பட்டி பயிற்றுநர்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறேன். முதல் மாலை 1992 கென்டக்கி ஆட்டம், முழுமையாக. ஷாட் கிளாக், கோட்டின் தொலைவு பற்றிய குறிப்போடு தொடங்குவேன். இரண்டாம் மாலை 2001 அரையிறுதியின் இரண்டாம் பாதி. பேட்டியே எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் பார்க்கச் சொல்வேன், பந்தைப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. மூன்றாம் மாலை ஹியூஸ்டன் ஆட்டம். டல்லாஸ் அணிதான் 2015-இல் 52-ஆவது தேர்வாகப் பஞ்சாபின் சத்னம் சிங்கை எடுத்தது என்பதையும் அப்போது சொல்ல வேண்டும். இந்தியாவில் பிறந்த ஒருவர் என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது.

மூத்தவர் வாதிட்ட ஓராண்டா நான்காண்டா என்ற வழக்கில் நான் இன்னும் ஹில் பக்கமே நிற்கிறேன். ஃப்ளாக் நான்காண்டு தங்கியிருந்தால் 1994-இன் ஹில்லாக ஆகியிருப்பார் என்பது என் நம்பிக்கை. மறுநாள் காலைப் பயிற்சியில், முகாமிலேயே உயரமான மூன்று பையன்களைப் பந்தைக் கொண்டுவரச் சொல்லி, கார்டுகளை வளையத்தடியில் நிறுத்தி ஆடவிடப் போகிறேன். சூரமங்கலத்து நண்பருக்கு நேரமிருந்தால் அந்தக் காலையில் மலைக்கு வந்து, உதவித் தடுப்புக்கு எங்கே நிற்பது என்பதை நேரில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.